வாசனை ஏறும் வரைக்கும்

கஸ்தூரிக்கு மூக்கு வேலை செய்யாது. அடி அண்ணாமலையில் அவளைத் தெரிந்தவர்கள் இதை ஒரு வேடிக்கையாகத்தான் சொல்வார்கள். பேர் கஸ்தூரி, மூக்கு மரக்கட்டை என்று கேலி பேசுவார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். சாம்பார் தீய்ந்தாலும் தெரியாது, சாக்கடை உடைந்தாலும் தெரியாது, என்னைப்போல நிம்மதியானவள் இந்த ஊரில் யார் என்பாள். கடைசிவரை அது சிரிக்கிற விஷயமாகவே இருந்துவிட்டுப் போயிருக்கலாம். இருக்கவில்லை.

மூக்கைத் தின்றது சூடம்தான் என்பது அவளுடைய முடிவு. எந்த டாக்டரும் அப்படிச் சொன்னதில்லை, அவளும் எந்த டாக்டரிடமும் கேட்டதில்லை. தம்பி அருள்ராஜின் வீடு கிரிவலப் பாதையை ஒட்டிய சந்தில் இருக்கிறது. முன்னறையில் வில்லை போடும் மிஷின். டவுனிலிருந்து மூட்டையில் வரும் சூட மாவை அதன் வாயில் கொட்டிக் கைப்பிடியை இழுத்தால் கீழே தட்டில் வெள்ளை வெள்ளையாக வில்லைகள் விழும். அவற்றைப் பொட்டலம் போட்டுப் பாதையோரக் கடைகளுக்குக் கொடுப்பது அருள்ராஜின் பிழைப்பு. கைப்பிடியை இழுப்பது கஸ்தூரி. இழுத்து இழுத்து அவளுடைய வலது தோள் கொஞ்சம் இறங்கியே போய்விட்டது. அந்த வீட்டுக்குள் வெளியாள் யார் நுழைந்தாலும் முதல் மூச்சிலேயே கண் கலங்கும். வீட்டு மனிதர்களுக்கு, வெளியே போய்விட்டு வந்தால் இரண்டு மூச்சுக்குத்தான் அந்த வாசனை. அப்புறம் அது இருக்கிற இடமே தெரியாது. கஸ்தூரிக்கு அந்த இரண்டு மூச்சும் கிடையாது.

அவளைச் செங்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். குழந்தை பிறக்கவில்லை. வைத்தியம் பார்த்தார்கள், வேண்டிக்கொண்டார்கள், கடைசியில் ஒருநாள் அந்த மனிதன் இன்னொருத்தியைக் கூட்டிவந்து நடுவீட்டில் நிறுத்தி, இவளும் ஒரு பக்கம் இருக்கட்டும் என்றான். கஸ்தூரி ஒரு பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அதற்கு மேல் அந்தக் கதையில் ஒன்றுமில்லை என்பதுபோலத்தான் நடந்துகொள்வாள். தம்பி வீட்டில் யாரும் அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. தம்பி பெண்டாட்டி கீதாஞ்சலி, செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள், வெள்ளைக்காரர்களிடம் சரளமாக இங்கிலீஷ் பேசுவாள், வீட்டுக்கு வந்தால் “அண்ணி, இன்னா குழம்பு?” என்று தட்டை எடுத்துக்கொண்டு நிற்பாள். நல்ல பெண். இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாராவது அவளைக் குறை சொல்லக்கூடாது.

ஐப்பசி மழையில் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அபிநயா என்று பேர் வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் குழந்தையைக் கையில் வாங்கிய ஒவ்வொருவரும் அதன் உச்சியில் மூக்கை வைத்து இழுத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு, “அய்யோ, இன்னா வாசன, பால் மாதிரி” என்றார்கள். அருள்ராஜ்கூட, மூட்டை தூக்குகிற முரடன், திரும்பத் திரும்ப முகர்ந்தான். கஸ்தூரியின் முறை வந்தது. அவளும் குனிந்து முகர்ந்தாள். கதகதப்பு தெரிந்தது, மெத்தென்று இருந்தது, உச்சிக்குழி துடிப்பது உதட்டில் தெரிந்தது. வாசனை மட்டும் இல்லை. “ஆமா, பால் வாசனதான்” என்று அவளும் சொல்லிவைத்தாள். தன் மூக்கை நினைத்து அவள் வருத்தப்பட்டது அன்றைக்குத்தான், முதல் தடவையாக.

கார்த்திகை முடிவதற்குள் குழந்தையின் தலையில் அது வந்தது. முதலில் உச்சியில் மெல்லிய ஏடு மாதிரி. பிறகு மஞ்சளாக, பிசுபிசுப்பாக, ஒன்றன்மேல் ஒன்று படிந்து, மெழுகு சொட்டிக் காய்ந்ததுபோல மண்டை முழுக்கப் பரவியது. புருவத்தில்கூட இரண்டு பொருக்கு. குழந்தைக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. குடித்தது, சிரித்தது, காலை உதைத்தது. தடுப்பூசி போடப் போனபோது வேங்கிக்கால் பக்கத்து டாக்டரம்மாவிடம் கீதாஞ்சலி காட்டினாள்.

“இது அழுக்கும் இல்ல, நோயும் இல்லம்மா. நிறைய குழந்தைங்களுக்கு வரும், தானாப் போயிடும். வேணும்னா கொஞ்சூண்டு தேங்காயெண்ணெய் தடவி, ஊறவிட்டு, மெத்துனு ஒரு பிரஷ்ல வாரிட்டுக் கழுவிடுங்க. பிச்சு மட்டும் எடுக்காதீங்க.”

பக்கத்தில் நின்ற கஸ்தூரி தலையை ஆட்டினாள். கீதாஞ்சலிக்கு விடுப்பு முடிந்துபோய்விட்டது, மார்கழிக் கூட்டம் விடுதியில் நிரம்பி வழிந்தது, முதலாளி தினமும் போன் போட்டான். அதனால் காலை முதல் பொழுது சாயும்வரை குழந்தை கஸ்தூரியின் கையில்தான். மிஷினுக்கும் தொட்டிலுக்கும் நடுவே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஒரு கையால் கைப்பிடியை இழுத்து, ஒரு காலால் தொட்டிலை ஆட்டுவாள். அந்த நாட்களில் அவள் முகத்தைப் பார்த்தவர்கள் செங்கத்துக் கதையை நம்பமாட்டார்கள்.

டாக்டரம்மா சொன்னபடி விட்டிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்துவிடும். ஆனால் பொங்கலுக்குப் போளூரிலிருந்து கீதாஞ்சலியின் சித்தி வந்தாள். கரும்பும் மஞ்சள்கொத்துமாக வந்து இறங்கியவள், குழந்தையைத் தூக்கினாள், குல்லாவைக் கழற்றினாள், மூஞ்சியைச் சுளித்தாள்.

“இன்னா கீதா இது, கொழந்த தலைல மீன் செதிலாட்டம்? எண்ணெ வச்சிக் குளிப்பாட்ட வீட்டுல ஆளில்லியா?”

“டாக்டர் தானா போயிடும்னு சொன்னாங்க சித்தி.”

“டாக்டரு ஆயிரம் சொல்லுவாங்க.” சித்தி கஸ்தூரியை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டாள். “பெத்து வளத்த கைனா அது வேற. மாசில காது குத்துறீங்க, எங்க சனம் மொத்தமும் வரும். இந்தத் தலையவா காட்டப் போற?”

சிலரை நாக்கில் கத்தியை வைத்துத்தான் படைத்திருக்கிறான் ஆண்டவன். சித்தி காப்பி குடித்தாள், வெற்றிலை போட்டாள், பஸ் பிடித்துப் போய்விட்டாள். அவள் சொன்னது மட்டும் கஸ்தூரியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றது. அன்றைக்கெல்லாம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. பெத்து வளத்த கை. காது குத்துக்குள் இந்தத் தலை பளிச்சென்று ஆகவேண்டும், போளூர் சனம் வாயை மூடவேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

சின்ன வயசில் கஸ்தூரிக்குத் தலை நிறையப் பொடுகு இருந்தது. தேங்காயெண்ணெயைச் சூடு பண்ணி அதில் சூடத்தைக் கரைத்துத் தடவுவார்கள். சில்லென்று ஏறும், அரிப்பு நின்றுவிடும். எவ்வளவு சூடம் என்று யாரும் அளந்ததில்லை. வாசனை மூக்கில் ஏறும் வரைக்கும் போடவேண்டும், அதுதான் கணக்கு. இந்தப் பக்கத்தில் எத்தனையோ வீட்டில் அதுதான் கணக்கு.

மறுநாள் கீதாஞ்சலி வேலைக்குப் போனதும் கஸ்தூரி இரும்புக் கரண்டியில் எண்ணெயைக் காய்ச்சினாள். தட்டிலிருந்து இரண்டு வில்லையை எடுத்துப் போட்டாள். கரைந்தது. குனிந்து முகர்ந்தாள். ஒன்றுமில்லை. இன்னும் இரண்டு போட்டாள். ஒன்றுமில்லை. தன் மூக்கு செத்த மூக்கு என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஊருக்கே தெரியும். ஆனால் அவளுக்குள் ஒரு நினைப்பு இருந்தது, தூரத்து வாசனைதான் தனக்கு எட்டாது, இவ்வளவு கிட்டே வைத்து, இவ்வளவு காரமான சரக்கு, கொஞ்சமாவது ஏறாதா என்று. ஏறவில்லை என்றால் போதவில்லை என்று அர்த்தம். ஒரு சிட்டிகை மாவையும் அள்ளிப் போட்டாள். கடைசியில் மூக்கின் நுனியில் ஏதோ குறுகுறுப்பு தெரிந்தது. சரி, போதும் என்று ஆறவைத்தாள்.

பஞ்சில் தொட்டுக் குழந்தையின் மண்டை முழுக்கத் தடவினாள். ஊறியதும் துணியால் துடைத்தாள். என்ன ஆச்சரியம், பொருக்கு பொருக்காகக் கையோடு வந்தது. அடியில் இளஞ்சிவப்பாகத் தோல் தெரிந்தது, சில இடத்தில் லேசாகக் கசிந்தும் இருந்தது. தைப் பனி ஆகாதென்று மறுபடி எண்ணெய் வைத்து மேலே கம்பளிக் குல்லாவை மாட்டிவிட்டாள். குழந்தை கொஞ்சம் அழுதது, பிறகு தூங்கிப்போயிற்று.

கீதாஞ்சலி வந்து குல்லாவைக் கழற்றிப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். “நெறைய போயிடுச்சே! எண்ணெயா அண்ணி?”

“எண்ணெதான்” என்றாள் கஸ்தூரி. அது பொய்யும் இல்லை. போனில் எதையாவது படித்துவிட்டு இது கூடாது அது கூடாது என்பாள் என்று பாதியை விழுங்கிவிட்டாள். கீதாஞ்சலிக்கு வாசனை அடிக்கவில்லையா என்றால், அடித்தது. வாசலில் அடித்தது, முன்னறையில் அடித்தது, மிஷின்மேல் அடித்தது. சூடம் போடுகிற வீட்டில் குழந்தை தலையில் சூட வாசனை அடிப்பதை யார் தனியாக எண்ணிப் பார்ப்பார்கள்?

அன்றிலிருந்து தினமும் வைத்தாள். மீந்த எண்ணெயை ஒரு கிண்ணத்தில் மூடி வைத்திருந்தாள். சூடம் காற்றில் போகிற பொருள், திறந்து வைத்தால் வில்லையே கரைந்து காணாமல் போகும் என்பது அவளுக்கு அத்துப்படி. அதனால் கிண்ணத்து எண்ணெயிலும் காரம் கம்மியாகியிருக்கும் என்று நினைத்தாள். முகர்ந்து பார்ப்பாள். ஏறாது. இரண்டு வில்லை சேர்ப்பாள். நாளுக்கு நாள் எண்ணெய் கனத்தது, ஆறினால் அடியில் வெள்ளையாகப் படிந்தது. அவளுக்கு அது நல்ல சரக்கு என்று பட்டது.

பிறகு சின்னச் சின்னதாகச் சில விஷயங்கள் நடந்தன. தொட்டிலுக்குக் கீழே எப்போதும் ஊரும் எறும்பு வரிசை காணாமல் போயிற்று. பொழுது சாய்ந்தால் மொய்க்கும் கொசு, குழந்தைப் பக்கம் அண்டவில்லை. “பாத்தியா, கொசுகூட என் தங்கத்துக் கிட்ட வர்றதில்ல” என்று கஸ்தூரி பெருமை பேசினாள். குழந்தை அதிகமாகத் தூங்கியது. எழுப்பினால் பாலை நாலு வாய் குடித்துவிட்டு மறுபடி கண் சொருகியது. எண்ணெய்க் குளிர்ச்சி, நல்ல தூக்கம் என்று அவள் நினைத்தாள். தூக்கத்தில் திடீர் திடீரென்று உடம்பு தூக்கிப்போட்டது. குழந்தைகள் பயந்துகொள்வது சகஜம் என்று நெஞ்சைத் தடவிக் கொடுத்தாள்.

“அண்ணி, இவ முன்ன மாதிரி காலு கைய ஒதைக்கல இல்ல?” என்று ஒருநாள் சாயங்காலம் கீதாஞ்சலி கேட்டாள். குழந்தையின் கையைத் தூக்கி விட்டாள். அது துணிமாதிரி விழுந்தது. “மொகமே ஒரு மாதிரி கீதே.”

கஸ்தூரிக்கும் அது தெரிந்துதான் இருந்தது. “போளூர்க்காரி கண்ணு” என்றாள். “வந்துட்டுப் போனதுலருந்துதான் இப்பிடி.”

முன்னறைக்குப் போய்ப் பெரிய வில்லையாக ஒன்றை எடுத்துவந்தாள். குழந்தையை மூன்று சுற்றுச் சுற்றி, வாசலில் வைத்துக் கொளுத்தினாள். சூடம் நின்று எரிந்து, கறுப்பாகப் புகைந்து, தரையில் ஒரு பொட்டு மட்டும் மிச்சம் வைத்துவிட்டு அணைந்தது. திருஷ்டி கழிந்தது என்று நிம்மதியாக உள்ளே வந்து, பனி ஜாஸ்தியாக இருக்கிறதே என்று குழந்தையின் தலையில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் வைத்துக் குல்லாவை இழுத்துவிட்டாள். இதை எழுதும்போது எனக்கு அவள் கையைப் பிடித்து நிறுத்தவேண்டும்போல இருக்கிறது.

தைப் பௌர்ணமி வந்தது. கிரிவலப் பாதை முழுக்க ஜனம். ரோட்டை அடைத்துவிடுவார்கள் என்பதால் கீதாஞ்சலி மதியமே விடுதியிலிருந்து திரும்பிவிட்டாள். அருள்ராஜ் பொட்டலங்களைச் சுமந்துகொண்டு கடை கடையாக அலைந்துகொண்டிருந்தான். சரக்குத் தீர்ந்துவிடும் என்று, டவுனிலிருந்து அய்யூப் தன் ஆட்டோவில் இன்னொரு மூட்டை மாவு கொண்டுவந்து, வழக்கம்போல மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு இறக்கிப் போட்டான். அவனுடைய குடும்பம் மூன்று தலைமுறையாக டவுனில் கடை வைத்திருக்கிற குடும்பம். இவன் ஒருத்தன் மட்டும் வண்டி ஓட்டுகிறேன் என்று வந்துவிட்டான். “இந்த வீட்டுல நீங்கல்லாம் எப்பிடித்தான் மூச்சு வுடறீங்களோ” என்று தினமும் சொல்வதை அன்றைக்கும் சொன்னான்.

அப்போதுதான் தொட்டில் ஆடியது. யாரும் ஆட்டவில்லை. கஸ்தூரி எட்டிப் பார்த்தாள். குழந்தையின் கண் மேலே சொருகியிருந்தது, ஒரு பக்கத்துக் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன, வாயோரம் நுரை, உதடு நீலம்.

கீதாஞ்சலி போட்ட அலறலில் சந்தே ஓடிவந்தது. யாரோ இரும்புச் சாவியைக் கையில் வைக்கச் சொன்னார்கள். அய்யூப் அவர்களைத் தள்ளிக்கொண்டு வந்தான். “அதெல்லாம் ஒண்ணும் வேணாம், வண்டில ஏறுங்க, ஏறுங்க!”

பாதையில் ஆட்டோ போக வழியில்லை. தலை தலையாக ஜனம், வழி முழுக்க சூடம் எரிகிற புகை, பக்கத்தில் நிற்கிறவன் பேசுவது கேட்காத இரைச்சல். போலீஸ்காரர் ஒருவர் குழந்தையைப் பார்த்துவிட்டுத் தடுப்பை நகர்த்தினார். அய்யூப் குறுக்கே வயலோரத்து மண் ரோட்டில் வண்டியை விட்டான். வலிப்பு நின்றிருந்தது, குழந்தை வாழைத்தண்டுபோல் துவண்டு கீதாஞ்சலியின் மடியில் கிடந்தது. கஸ்தூரி அதன் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். புகையும் இரைச்சலும் பின்னால் போய், வயல்காற்று முகத்தில் அடித்தது.

அய்யூப் கைக்குட்டையை இறக்கினான், மறுபடி ஏற்றினான். “அக்கா, மூட்டையத்தான் எறக்கிட்டேனே. இன்னும் வண்டில இன்னா இப்பிடி சூடம் அடிக்குது?”

“எங்க துணில எப்பவும் அடிக்கும்ணா. நீங்க சீக்கிரம் போங்க” என்றாள் கீதாஞ்சலி அழுதுகொண்டே.

“இது ஜாஸ்தியா கீது தங்கச்சி. கண்ணே எரியுது.” அவன் வண்டியை விரட்டினான்.

கஸ்தூரியின் கை குழந்தையின் பாதத்திலேயே நின்றுவிட்டது. ஜாஸ்தி. அந்த ஒரு சொல் அவளுக்குள் போய் எங்கேயோ உட்கார்ந்துகொண்டது. இல்லை, துணிதான், கீதா சொன்னதுபோலத் துணிதான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். குழந்தையின் தலையில் மாட்டியிருந்த கம்பளிக் குல்லாவை அவள் பார்க்கவே இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தையை வாங்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் இரண்டு பெண்களும் நின்றார்கள். நர்ஸ் ஒருத்தி வெளியே வந்து சுற்றிலும் பார்த்தாள். “யாரு இங்க சூடம் ஏத்துனது? ஆஸ்பத்திரில அதெல்லாம் கூடாதுன்னு தெரியாதா?”

“ஏத்தலைங்க. நாங்க சூடம் போடறவங்க. துணில வருது” என்றாள் கீதாஞ்சலி.

நர்ஸ் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். இரண்டாம் தடவையும் அந்த வாசனை வந்து நின்றது. இரண்டாம் தடவையும் அதற்கு ஒரு பதில் இருந்தது.

டாக்டர் வந்தாள், சின்ன வயசுப் பெண். காய்ச்சல் இருந்ததா, கீழே விழுந்ததா, குடும்பத்தில் யாருக்காவது வலிப்பு உண்டா என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள் கீதாஞ்சலி.

“தாய்ப்பால் தவிர வேற ஏதாவது குடுத்தீங்களா? வசம்பு, நாட்டு மருந்து, கிரைப் வாட்டர்? மறைக்காம சொல்லுங்க.”

“எதுவும் குடுக்கல டாக்டர். அண்ணி, நீங்க?”

“குடுக்கல” என்றாள் கஸ்தூரி. உண்மைதானே. குடுக்கவில்லை.

“மூளைல தொற்று இருக்கலாம். முதுகுல ஊசி போட்டு நீர் எடுத்துப் பாக்கணும். கையெழுத்துப் போடுங்க.”

கீதாஞ்சலி பேனாவை வாங்கினாள். கஸ்தூரி கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அவ்வளவு பெரிய கட்டிலில் அவ்வளவு சின்ன உடம்பு. சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. தம்பி வீட்டு வாசல் மூடும். செங்கத்திலிருந்து வந்தபோது இருந்த பையும் கிடையாது, போக இடமும் கிடையாது. அதைவிட, அந்தக் குழந்தையை இனி ஒருநாளும் கையில் தரமாட்டார்கள். சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. வாசனைக்குத்தான் துணி இருக்கிறதே. நின்றுகொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் இதையெல்லாம் நினைத்தாள். நினைத்தாள் என்பதை நான் மறைக்கப் போவதில்லை.

கட்டிலில் அந்தச் சின்னக் கை மறுபடி வெட்டத் தொடங்கியது.

“தடவுனேன்!” கஸ்தூரி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். “டாக்டர், குடுக்கல, தடவுனேன். தலைல. எண்ணெல சூடம் போட்டு தடவுனேன். பொருக்கு போறதுக்கு.”

டாக்டர் குழந்தையின் தலைமேல் குனிந்து முகர்ந்தாள். சட்டென்று முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். “வலிப்புக்கு ஊசி. உடனே தலையக் கழுவணும், சோப்புத் தண்ணி கொண்டாங்க. அந்தக் குல்லாவத் தூக்கி வெளிய போடுங்க.” கை வேலை செய்துகொண்டிருக்கும்போதே கேட்டாள். “எத்தனை நாளா? எவ்வளவு போட்டீங்க?”

“பொங்கல்லருந்து தெனமும். எவ்ளோன்னு தெரில.” கஸ்தூரி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “வாசன வர்ற வரைக்கும் போடணும்னு சொல்வாங்க. எனக்கு வாசன வரல. வரலியேன்னு போட்டுக்கினே இருந்தேன்.”

நர்ஸ்கள் குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். கதவருகே கீதாஞ்சலி நின்றிருந்தாள். அவள் கத்தவில்லை, அடிக்கவில்லை. அவளுடைய பார்வையைத் தாங்க முடியாமல் கஸ்தூரி சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. வலிப்பு நின்று, ஒருநாள் முழுக்கத் தூங்கி, பிறகு கண்ணைத் திறந்து பாலுக்கு அழுதது. ரத்தத்தில் இருப்பது வெளியேறிவிடும், அடிக்கடி வந்து காட்டுங்கள், வளர்ச்சியைக் கவனித்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த ‘கவனித்துக்கொண்டே’ என்ற சொல் வீட்டோடு வந்துவிட்டது. குழந்தை கொட்டாவி விட்டாலும் எல்லோரும் பார்த்தார்கள்.

காது குத்து நின்றுபோயிற்று. அருள்ராஜ் மிஷினைத் தெருக்கோடியில் ஒரு ஷெட்டுக்கு மாற்றி, இழுக்க வேறு ஆளைப் போட்டான். கஸ்தூரி பொட்டலம் கட்டும் வேலையையும் விட்டுவிட்டாள். கீதாஞ்சலி விடுப்புப் போட்டுவிட்டுக் குழந்தையோடு உள்ளறையிலேயே இருந்தாள். அண்ணி என்று கூப்பிட்ட வாய் கூப்பிடவில்லை. சோறு வைத்தால் சாப்பிட்டாள், தட்டைத் தானே கழுவிவைத்தாள். கஸ்தூரி ஒருநாள் துணிமணியை மடித்துக் கட்டினாள். அருள்ராஜ் வாசலில் நின்று, “எங்கக்கா போவ?” என்று கேட்டான். அவள் மூட்டையை அவிழ்த்துவிட்டாள்.

கடைசியில் பேசியது கீதாஞ்சலிதான். விடுதியிலிருந்து கறாராகச் சொல்லிவிட்டார்கள், வந்தால் வா, இல்லையென்றால் வேறு ஆள் என்று. உள்ளறை வாசலில் குழந்தையோடு நின்றாள். “நாளைலருந்து நான் வேலைக்குப் போறேன்” என்றாள். குழந்தையைக் கஸ்தூரியின் மடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வேறு கை அந்த வீட்டில் இல்லை. அந்தக் கையில்தான் கொடுத்தாகவேண்டும்.

மறுநாள் பொழுது சாய வீடு திரும்பியவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் குழந்தையை வாங்கினாள். அதன் உச்சியில் மூக்கை வைத்து முகர்ந்தாள். பிறகு கழுத்தில், காதுக்குப் பின்னால், உள்ளங்கையில் முகர்ந்தாள். கொஞ்சுவதற்காக முகரவில்லை என்பது அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கஸ்தூரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், அவள் முகர்ந்து முடிக்கும் வரைக்கும்.

“ஒண்ணும் இல்ல” என்றாள் கீதாஞ்சலி.

தினமும் அப்படியே நடந்தது. மிஷின் போனபின் வீட்டுச் சுவரிலிருந்து மெல்ல மெல்லச் சூட வாசனை இறங்கிவிட்டதாம், அருள்ராஜ் சொன்னான். பங்குனி பிறந்தபோது குழந்தையின் தலையில் மிச்சமிருந்த பொருக்கு, யாரும் எதுவும் செய்யாமல், தவிட்டைப்போல உதிர்ந்து போயிற்று. டாக்டரம்மா முதல் நாளே சொன்னதுதான். சுருட்டை சுருட்டையாக முடி வந்தது. போளூர் சித்தி வந்து பார்த்துவிட்டு, “இப்பதான் தல தலயா கீது” என்றாள்.

ஒரு சாயங்காலம் கீதாஞ்சலி ரொம்பக் களைத்து வந்தாள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறாள். குழந்தையை வாங்கினாள், அது அவள் மூக்கைப் பிடித்து இழுத்துச் சிரித்தது, அவளும் சிரித்தாள், அப்படியே இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீர் குடிக்கச் சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். மறந்துவிட்டாள். கஸ்தூரியின் இடத்தில் வேறு யாராவது இருந்தால் இந்த மறதிக்காகத்தான் காத்திருந்திருப்பார்கள்.

கஸ்தூரி முன்னறையில் நின்றாள். உட்கார முடியவில்லை. காலையிலிருந்து சோப்பும் தண்ணீரும் தவிர அந்தக் குழந்தையின் மேல் அவள் எதையும் வைக்கவில்லை. அது அவளுக்குத் தெரியும். எண்ணெய்க் கிண்ணத்தை மூடி வைத்த அந்த நாட்களிலும் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தனக்குத் தெரிந்ததை நம்பமுடியாத ஒருத்தியாக அவள் ஆகியிருந்தாள். சமையல்கட்டு வாசலுக்குப் போனாள்.

“கீதா, மோந்து பாக்காம வந்துட்டியே.”

கீதாஞ்சலி சொம்பைக் கீழே வைத்தாள். கஸ்தூரியைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள், அந்த முகத்தைப் பார்த்துவிட்டு குழந்தையின் உச்சியில் குனிந்தாள். கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக இழுத்தாள்.

“பால் வாசனதான் அண்ணி” என்றாள்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் எத்தனையோ நாள் கழித்து வந்த அந்த ‘அண்ணி’யைக் கஸ்தூரி கவனித்தாளோ இல்லையோ. அந்த வாசனை எப்படி இருக்கும் என்று கேட்கவேண்டும்போல அவளுக்கு இருந்தது. கேட்கவில்லை. “செரி” என்று சொல்லிவிட்டு, கொடியில் காய்ந்த குழந்தைத் துணிகளை எடுக்கப் போனாள்.